மிசோ சூப் சைவமன்று: ஜப்பான் செல்வோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானுக்குச் சுற்றுலா செல்வோர் உண்டு பார்க்க வேண்டிய உணவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சுஷி, ராமென், மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புரா ஆகிய மூன்றையும் வண்ணப் படங்களோடு விரித்துச் சொன்ன கட்டுரையாளர், சைவ உணவுக்காரர்களுக்கென்று கடைசியில் ஒதுக்கிய நான்கு வரிகளில், மிசோ சூப்பும் சோபா என்ற நூடுல்ஸும் இருக்கும்போது அவர்களுக்கு என்ன கவலை என்ற பொருள்பட முடித்திருந்தார். பணி நிமித்தம் ஒசாகாவில் ஐந்து ஆண்டுகள் குடும்பத்தோடு வசித்தவன் என்ற முறையில், அந்த நான்கு வரிகளைக் கண்டும் காணாமல் விட எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி பிறந்தது முதல் சைவம். நான் எதையும் உண்பவன். ஒரே மேசையில் அமர்ந்து இரண்டு கண்களாலும் அந்நாட்டு உணவைப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் பத்து நாட்களும் என் மனைவி தங்கள் கட்டுரையாளரைப் போலவேதான் நம்பிக்கொண்டிருந்தார். சோயாவைப் புளிக்கவைத்த விழுது, அதில் இரண்டு துண்டு டோஃபு என்ற சோயாக்கட்டி, மிதக்கும் கடற்பாசி, மேலே தூவிய வெங்காயத்தாள். இதில் அசைவம் எங்கே ஒளிந்திருக்க முடியும்? பத்தாம் நாள், எதிர்வீட்டு மூதாட்டி எங்களைத் தம் சமையலறைக்கு அழைத்து மிசோ சூப் வைத்துக் காட்டினார். இழைப்புளியைத் தலைகீழாகப் பொருத்தியது போன்ற ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்து, அதன்மேல் பழுப்பு நிறக் கட்டை ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினார். அதே போன்ற இன்னொரு கட்டையோடு அதைத் தட்டிக் காட்டியபோது தேக்குத் துண்டுகள் மோதியது போலக் கணீரென்று ஒலித்தது. பெட்டியின் இழுப்பறையைத் திறந்தால் இளஞ்சிவப்பில் சுருள் சுருளாகச் சீவல், தச்சுப் பட்டறைத் தரையில் கிடப்பது போல. "இது என்ன மரம்?" என்று என் மனைவி தமக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்க, மூதாட்டி சிரித்துக்கொண்டே, மீன் நீந்துவது போலக் கையை அசைத்துக் காட்டினார். அன்று மாலை எங்கள் வீட்டில் நிலவிய அமைதியைப் பற்றி இங்கே விரித்து எழுதத் தேவையில்லை.

அந்தக் கட்டையின் பெயர் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகையூட்டி உலர்த்தி, உயர்ந்த வகையாக இருந்தால் அதன்மேல் பூஞ்சணம் படியவிட்டு மறுபடியும் வெயிலில் காயவைத்துச் செய்வார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு என்றால் கடலோர வாசகர்களுக்கு உடனே விளங்கிவிடும். இதன் சீவலையும் கொம்பு என்ற தடித்த கடற்பாசியையும் (பெயரே அப்படித்தான்; மாட்டுக்கொம்போடு தொடர்பு ஒன்றுமில்லை) நீரில் இட்டுச் சிறிது நேரத்தில் வடித்தெடுக்கும் தெளிந்த சாறுதான் டாஷி. மிசோ சூப்பின் நீர் அது. நூடுல்ஸின் குழம்பு அது. டெம்புராவைத் தோய்த்துண்ணும் சாற்றிலும், வேகவைத்த பூசணியிலும், கீரைப் பொரியல் போன்ற ஒஹிதாஷியிலும், முட்டையைச் சுருட்டிச் செய்யும் பண்டத்திலும் அது இருக்கிறது. கொம்புச் சாற்றுக்கு ஏன் அப்படியொரு சுவை என்று ஆராய்ந்த டோக்கியோ பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகேடா, 1908ஆம் ஆண்டு அதிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். நம் அறுசுவைக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் அடங்காத சுவை அது. ஜப்பானின் மரபு உணவைத் தேடிப் போகிறவர் பச்சை மீனைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், டாஷியைப் பற்றி அறியாமல் போனால் பாதியைத்தான் உண்டு திரும்புவார். சைவராக இருந்தால், உண்ணக்கூடாததை உண்டு திரும்புவார்.

மறுநாள் காலையில் மூதாட்டி ஒரு மூடிபோட்ட பாத்திரத்தோடு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கொம்பையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுத்த டாஷி அது. மீன் இல்லாத டாஷியும் அங்கே பழைய மரபே. புத்த மடங்களில் நூற்றாண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பதே சிக்கல். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், மீன் சாற்றை யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "நிகு மோ சக்கனா மோ தபெமஸென், கட்சுவோ டாஷி மோ தமே தெஸு" என்று, அதாவது இறைச்சியும் மீனும் உண்பதில்லை, கட்சுவோ டாஷியும் ஆகாது என்று, ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பல சிறிய கடைகளில் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "மன்னிக்கவும், எங்களிடம் உங்களுக்குத் தர ஒன்றுமில்லை" என்று தலைதாழ்த்திச் சொல்லிவிடுவார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

சோபாவைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னது பாதி சரி. நூடுல்ஸ் வெறும் மாவுதான். தோய்த்துண்ணும் சாற்றில்தான் மீன் இருக்கிறது. பக்வீட் என்ற தானியத்தின் மாவில் மட்டும் செய்ததை ஜூவாரி என்றும், பத்தில் இரண்டு பங்கு கோதுமை சேர்த்ததை நிஹாச்சி என்றும் சொல்கிறார்கள். நாகானோ மலைப்பகுதியில் உள்ள டோகாகுஷி சோபாவுக்குப் பேர்போன ஊர். வானளாவிய தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்து கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு கடையில் அமர்ந்தோம். வட்ட மூங்கில் தட்டில், கைப்பிடி கைப்பிடியாகச் சுருட்டி வைத்த குளிர்ந்த சோபா வந்தது. சீட்டைக் காட்டியதும், பரிமாறிய பெண்மணி சாற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், ஒரு சிட்டிகை உப்பைச் சிறு தட்டில் வைத்துத் தந்தார். நல்ல சோபாவை முதலில் உப்பைத் தொட்டு உண்பது அந்த ஊர் ரசிகர்களின் வழக்கமும்கூட என்று பிறகுதான் தெரிந்தது. வறுத்த தானியத்தின் மணம் உப்போடு சேரும்போது மூக்கு வரை ஏறுகிறது. சாற்றில் தோய்த்து உண்ட எனக்கு அந்த மணம் பாதிதான் கிடைத்தது.

உண்டு முடித்ததும், மூலையில் மூக்கு வைத்த சதுர வடிவ அரக்குப் பாத்திரம் ஒன்று வந்தது. உள்ளே கஞ்சித் தண்ணீர் போல வெண்மையாக, இளஞ்சூடாக ஏதோ இருந்தது. கை கழுவத் தந்திருக்கிறார்கள் போலும் என்று நான் வெற்றுக் கிண்ணத்தைத் தேட, பக்கத்து மேசைப் பெரியவர் தம் சாற்றுக் கிண்ணத்தில் அதை ஊற்றிக் கலக்கி நிதானமாகக் குடித்துக் காட்டினார். சோபா வெந்த நீர். சோபாயு என்பது அதன் பெயர். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் மனைவி அதை வெறுமனே குடித்தார். (பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடியது, ஒவ்வாமை உள்ளவர்கள் சோபாக் கடைப் பக்கமே போகாமல் இருப்பது பாதுகாப்பு.)

சைவ உணவுக்காரர்கள் ஜப்பானில் ஒரே ஓர் இரவுக்குத் தாராளமாகச் செலவு செய்ய முடியுமானால், அதைக் கோயாசானில் செய்யட்டும். கூக்காய் என்ற துறவி 816ஆம் ஆண்டு பேரரசரிடமிருந்து பெற்ற, 800 மீட்டர் அளவு உயரமுள்ள மலைச் சமவெளி அது. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலில் போய், மலையடிவாரத்தில் கம்பிவட வண்டிக்கு மாறி ஏற வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்களில் ஏறத்தாழ 50 கோயில்கள் யாத்திரிகர்களைத் தங்கவைக்கின்றன. அங்கே பரிமாறப்படுவது ஷோஜின் ரியோரி எனப்படும் மடத்து உணவு. இறைச்சி, மீன் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. டாஷி கொம்பிலும் காளானிலும் எடுத்தது. ஆகவே சீட்டைப் பைக்குள் வைத்துவிடலாம், அறையைப் பதிவு செய்யும்போது ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

மாலை ஆறு மணிக்கெல்லாம் இரவு உணவு வந்துவிட்டது. முழங்கால் உயரமே உள்ள சிவப்பு அரக்குப் பலகைகளை இளந்துறவிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வந்து, பாயில் அமர்ந்திருந்த எங்கள் முன் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணங்கள். எள்ளை வெண்ணெயாக அரைத்து, குஸு என்ற கொடியின் வேர்மாவோடு சேர்த்து அடுப்பில் கைவிடாமல் கிளறி உறையவைக்கும் கோமாடோஃபு முதலில் வந்தது. பெயரில்தான் டோஃபு, சோயா ஒரு துளியும் கிடையாது. நாக்கில் வைத்ததும் அல்வாவைப் போல இழுத்து, அடுத்த நொடியில் கரைந்துபோயிற்று. மேலே ஒரு பொட்டு வசாபி என்ற கார விழுது, சில துளி சோயா சாறு, அவ்வளவுதான். அடுத்தது, பனியில் உறையவிட்டு உலர்த்திய கோயாடோஃபு. சாற்றில் ஊறிய பஞ்சு போன்றது, கடித்தால் சாறு வாயில் பாய்கிறது. டெம்புராவில் மிளகாயும் தாமரைக்கிழங்கும் இருந்தன. என் மனைவி ஒரு கிண்ணத்தையும் சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்காமல் உண்ட முதல் ஜப்பானிய விருந்து அதுதான். மறுநாள் விடியற்காலை வழிபாட்டில் மரத்துப்போன கால்களோடு அமர்ந்திருந்ததை வேறொரு கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

கியோட்டோவின் யுடோஃபு பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. நான்சென்ஜி கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில், ஒரு துண்டுக் கொம்பு கிடக்கும் வெந்நீரில் டோஃபுவை மெல்லச் சூடாக்கித் தருவதே இந்த உணவு. பானையில் இருப்பது முழுச் சைவம்; பக்கத்தில் தரும் சாற்றில் பெரும்பாலும் கட்சுவோ இருக்கும். வெறும் சோயா சாறு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சோயாப்பாலின் மேல் படியும் ஆடையைப் பாய் போலத் தூக்கி எடுத்த யுபாவை அங்கே தவறவிடக் கூடாது. டெம்புராவுக்கும் இதே விதி: காய்கறி டெம்புரா கேட்டு, சாற்றை விட்டுவிட்டு உப்போடு உண்ணலாம், மேல்மாவில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்து. சோறு திணித்த இனாரி என்ற பொரித்த டோஃபு பை, பார்வைக்கு எவ்வளவு அப்பாவியாகத் தெரிந்தாலும், டாஷியில் வேகவைத்தது. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டும் கப்பா மாக்கியும், உமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புக் காயை நடுவில் வைத்த சோற்று உருண்டையும் பொதுவாக ஆபத்தில்லாதவை. இனிப்பில் கவலை குறைவு. சிவப்புப் பயறு விழுதும் அகர் அகரும் கொண்டு செய்யும் வகாஷியை முதலில் உண்டு, அந்த இனிப்பு நாவில் இருக்கும்போதே மாச்சா என்ற கசக்கும் பச்சைத் தேநீரைக் குடிக்க வேண்டும். இனிப்பும் தேநீரும் மாறிமாறி வாயில் போவதில்லை.

மீன் உண்பவர்களுக்கும் கட்டுரை போதிய வழி காட்டவில்லை என்பது என் இரண்டாவது குறை. சுஷி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைப்பிடிச் சோற்றின்மேல் மீனை வைத்துத் தரும் சுஷி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய டோக்கியோவான எடோ நகரில் அவசரக்காரர்களுக்காகப் பிறந்த தெருவோர உணவு. அதற்கு மூதாதை, பிவா ஏரிக்கரையில் இன்றும் செய்யப்படும் ஃபுனாசுஷி. ஏரிக் கெண்டையை உப்பில் ஊறவைத்து, பிறகு சோற்றுக்குள் புதைத்து, மாதக் கணக்கில் புளிக்கவிடுவார்கள். வாடை கடுமை. ஒரே ஒரு சீவல் வாங்கி, சூடான சோற்றில் வைத்துத் தேநீர் ஊற்றிக் கலந்து உண்டு பாருங்கள். பழைய சோறும் கருவாடும் அறிந்த நாக்கு மிரளாது. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். என் அலுவலக நண்பர்களான ஜப்பானிய இளைஞர்கள் இருவர் முதல் முறையே தட்டை நகர்த்திவிட்டார்கள்.

எதை உண்பது என்பதை ஊரும் பருவமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஷிகோகு தீவின் கோச்சியில், வைக்கோலைக் கொளுத்தி, ஆளுயர நெருப்பில் சூரை மீனின் மேற்புறத்தை மட்டும் சுட்டு, உள்ளே பச்சையாகவே விட்டு, தடித்த துண்டுகளாக வெட்டி, உப்பும் பூண்டுச் சீவலும் வைத்துத் தருகிறார்கள். வைக்கோல் புகை அதில் ஏறியிருக்கும் விதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது வரும் முதல் சூரையும், இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரும்பும் சூரையும் சுவையில் வேறு வேறு. அதே தீவின் ககாவாவில் உடான் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ். தட்டை நாமே ஏந்திப் போய், நாமே உடானை வெந்நீரில் முக்கி எடுத்து, நாமே சாறு ஊற்றிக்கொள்ளும் கடைகள் அங்கே ஏராளம். 500 யென்னுக்குள் வயிறு நிறையும். சாற்றின் மணம் எங்கேயோ அறிந்ததாக இருக்கிறதே என்று யோசித்தால், அது உலர்ந்த நெத்திலி. டோக்கியோவில் உடான் சாறு சோயாவால் கறுத்திருக்கும். ஒசாகாவில் கிண்ணத்தின் அடி தெரியும். வடக்கே ஹொக்கைடோவில் விளையும் கொம்பை, எடோ காலத்தில் மேற்குக் கடற்கரை வழியாகக் கப்பல்கள் ஒசாகாவுக்குக் கொண்டுவந்து குவித்ததன் விளைவு இது.

விலாங்கு மீனைப் பற்றி ஒரு சொல். கிழக்கே அதை முதுகுப்பக்கம் பிளந்து, ஆவியில் வேகவைத்துப் பிறகு சுடுவார்கள். மேற்கே வயிற்றுப்பக்கம் பிளந்து, நேரே தணலில் போடுவார்கள். நகோயாவின் ஹிட்சுமபுஷியில் ஒரே மரப்பாத்திரத்துச் சோற்றை நான்காகப் பிரித்து, முதலில் வெறுமனே, அடுத்து வெங்காயத்தாளும் வசாபியும் சேர்த்து, மூன்றாவதாக டாஷியோ தேநீரோ ஊற்றி, கடைசிப் பங்கை இவற்றில் பிடித்த வகையில் என்று உண்கிறார்கள். மிக நன்றாக இருக்கும். ஜப்பானிய விலாங்கு 2014 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது என்பதை அறிந்தபின் நான் அதை நிறுத்திக்கொண்டேன். மற்றவர்கள் அவரவர் விருப்பப்படி.

பணத்தைப் பற்றியும் கட்டுரை அச்சமூட்டியிருந்தது. பல சுற்றுகளாக வரும் கைசேகி விருந்து 10,000 யென்னைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் சோறு, சூப், ஊறுகாய், ஒரு முக்கியப் பண்டம், சிறு கிண்ணங்கள் என்று வரும் தெய்ஷோகு நண்பகலில் 1,000 யென் அளவில் கிடைக்கிறது. பெயர்பெற்ற விருந்துக் கடைகள் பலவும் மதியத்தில் குறைந்த விலையில் பரிமாறுகின்றன. அந்த ஊறுகாயை ஒதுக்கிவிட வேண்டாம், தவிட்டில் புதைத்துப் புளிக்கவைத்த முள்ளங்கியும் கத்தரியும் அதில் இருக்கலாம். எங்கும் அன்பளிப்புப் பணம் வைக்கத் தேவையில்லை; வைத்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடி வந்து திருப்பித் தருவார்கள். மாலை நேர மதுக்கடைகளில் கேட்காமலே வரும் சிறு கிண்ணத்துக்கு மட்டும் சில நூறு யென் கணக்கில் ஏறும். அது இருக்கைக்கான கட்டணம் என்று எண்ணிக்கொள்ளலாம். உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் இறுதிச் சடங்கோடு சேர்ந்தவை. அவற்றை மட்டும் செய்யாதிருந்தால், மற்ற தடுமாற்றங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூடிபோட்ட அரக்குக் கிண்ணம் திறக்காமல் இறுகிக்கொண்டால், மூடியோடு மல்லுக்கட்டாமல் கிண்ணத்தின் விளிம்பை இரு விரல்களால் மெல்ல அழுத்துங்கள். காற்று உள்ளே போய் மூடி தானே விடும். திறந்தவுடன் எழும் ஆவியை முதலில் முகரவும். அந்தத் தெளிந்த சூப்பை வைத்துத்தான் சமையல்காரரின் தரத்தை அங்குள்ளவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

மார்ச் இறுதியில் செர்ரிப் பூக்கள் மலரத் தொடங்கும். அதற்கான பயணத்தைப் பலர் இப்போதே பதிவு செய்துகொண்டிருப்பார்கள். தங்கள் கட்டுரையைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு போகும் சைவ வாசகர்களும் அவர்களில் இருக்கக்கூடும். ஆகவே மிசோ சூப்பையும் சோபாச் சாற்றையும் பற்றிய அந்த வரிகளுக்கு ஒரு திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறும், மேலே நான் குறித்துள்ள ஜப்பானியச் சொற்றொடரை வெட்டி எடுத்துக்கொள்ளும் அளவில் ஜப்பானிய எழுத்திலும் அச்சிட்டுத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்